நான்கு நாள் விதை கூடாது

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் ஏழு வரிகள் இருந்தன. நாலாவது வரிக்குக் கீழே நர்ஸ் பேனாவால் கோடு போட்டிருந்தாள். சோதனைக்கு முந்தைய நான்கு நாள் விதை உள்ள எதையும் சாப்பிடக் கூடாது. தக்காளி, கொய்யா, கத்தரிக்காய், எள், ஆளி விதை.

நாகஜோதி அதைக் கணவனுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். இரண்டு முறையும் ஜெயபாண்டி தலையாட்டினான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் பெருங்குடலிலிருந்து இரண்டு சின்னக் கட்டிகளை எடுத்திருந்தார்கள். புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அவனுடைய அண்ணன் குருசாமி அந்த நோயில்தான் போனான். நாற்பத்தாறு வயது. ஜெயபாண்டிக்கு இப்போது நாற்பத்தெட்டு.

டாக்டர் அப்போது இரண்டு விஷயம் சொன்னார். கட்டி மறுபடி முளைக்காமலிருக்க தினம் ஒரு ஆஸ்பிரின். மூன்று வருடம் கழித்து மறுபடியும் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பிரின் எட்டு மாதம் ஓடியது. வயிறு எரிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டாலும் எரிந்தது. நிறுத்திவிட்டான். டாக்டரிடம் சொல்லுங்கள் என்றாள் நாகஜோதி.

"அந்தம்மாகிட்ட போயி ஒங்க மருந்து சரியில்லைன்னா சொல்றது?" என்றான்.

ஆனால் முதலாளியிடம் சொன்னான்.

முதலாளி ஆத்தப்பனுக்குக் கணியூர்ப் பக்கம் தென்னந்தோப்பு இருந்தது. திருப்பூரில் நாற்பது மிஷின் வைத்த பனியன் கம்பெனி இருந்தது. ஜெயபாண்டி அங்கே கட்டிங் மாஸ்டர். நாகஜோதிக்குத் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. மாத்திரை என்ற சொல்லே ஆத்தப்பனுக்கு ஆகாது.

"எரியாம என்னுங்க பண்ணும் மாஸ்டரு? அது கெமிக்கலு" என்றார் அன்றைக்கு. "உடுங்க. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். முதலில் பூண்டு வந்தது. பிறகு மஞ்சளும் மிளகும். பிறகு கறிவேப்பிலைச் சாறு. கடைசியில் ஆளி விதை வந்து நிலைத்தது. அவர் வீட்டில் வறுத்து இடித்த பொடி, பாதி விதை முழுசாகவே கிடக்கும். பதினோரு மணி டீக்கு எவர்சில்வர் டப்பாவோடு கட்டிங் டேபிளுக்கு வருவார். ஸ்பூனை அவரே நீட்டுவார்.

"ஆ காட்டுங்க மாஸ்டரு. கொடல்ல ஒரு அழுக்கு நிக்காது. நாலு வருசமா நான் இதத்தான் சாப்படறனுங்க. டாக்டரு மூஞ்சியே பாக்கறதில்ல."

செக்கிங் பெண்கள் சிரிப்பார்கள். ஜெயபாண்டி வாயைத் திறப்பான்.

நாகஜோதிக்குப் பூண்டோடு பகை இல்லை. ஆளி விதையோடும் இல்லை. எல்லாம் சாப்பாடுதான். அவன் அதை மாத்திரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று இருந்தான். அதுதான் அவளுக்கு ஆகவில்லை. மூன்று வருடம் முடிந்ததை அவள்தான் எண்ணிச் சொன்னாள். சோதனைக்குத் தேதியும் அவள்தான் வாங்கினாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி.

"மொதலாளிகிட்ட நாலு நாளைக்கு வெதை வேணாம்னு சொல்லிருங்க."

"சொல்லிட்டேன்" என்றான்.

*

அடுத்தது கக்கூஸ்.

அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் எட்டு வீடு. கக்கூஸ் இரண்டு. சோதனைக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு மருந்தைத் தண்ணீரில் கரைத்து இரண்டு லிட்டர் குடிக்க வேண்டும். அதன் பிறகு வயிறு முழுவதும் வெளியே போய்விடும். பத்துத் தடவையும் ஆகலாம், இருபதும் ஆகலாம். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு வீட்டுக்காரர்களும் வீட்டில் இருப்பார்கள்.

நாகஜோதி முதலில் ஒச்சாயி வீட்டுக்குப் போனாள். ஒச்சாயி உசிலம்பட்டிக்காரி. லைன் வீட்டில் எது நடந்தாலும் அவளைக் கேட்டுத்தான் நடக்கும்.

"அக்கா, ஞாயித்துக்கெழம நாலு மணியிலருந்து அந்த வலது பக்கத்தது எங்களுக்கு மட்டும் வேணும்."

"ஏன்டி, ஒம் புருசன் அதுல குடித்தனமா பண்ணப் போறாரு?"

நாகஜோதி மருந்தைப் பற்றிச் சொன்னாள்.

"இருவது தடவையா! ஆத்தே! அதுக்கு வெளக்கெண்ணெ ரெண்டு கரண்டி போதுமேடி. எதுக்கு ஆஸ்பத்திரி மருந்து?"

"சும்மா கழுவுறதுக்கு இல்லக்கா. உள்ள கேமரா விட்டுப் பாக்கணும். துளி அழுக்கு இருக்கக் கூடாது."

"பாத்து?"

"கட்டி இருந்தா அப்பவே எடுத்துருவாங்க."

ஒச்சாயி யோசித்தாள். "ஞாயித்துக்கெழமடி. அம்புட்டுப் பேரும் கறி திங்கிற நாளு. ஏழு வீட்டுக்கு ஒத்தக் கக்கூஸ்னா வெட்டுக்குத்து ஆயிரும்."

"ஒரு மாசம் ரெண்டையும் நானே கழுவுறேன்."

"அப்பிடி வா" என்றாள் ஒச்சாயி.

மற்ற வீடுகளையும் கேட்டாள். கடைசி வீட்டில் பீகார்க்காரர்கள் நாலு பேர். அவர்களுக்கு விரலைக் காட்டி, கதவைக் காட்டி, பாதி இந்தியில் சொன்னாள். "டீக் ஹை தீதி" என்று தலையாட்டினார்கள். புரிந்ததா என்று தெரியவில்லை. ஞாயிறு மதியமே கதவில் சொந்தப் பூட்டு ஒன்றைப் போட்டாள்.

வியாழன் முதல் வீட்டில் வெள்ளைச் சோறும் தயிரும்தான். சட்னிகூட அரைக்கவில்லை. அவளும் அதையே சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஜெயபாண்டி குடிக்க ஆரம்பித்தான். மூன்றாவது டம்ளரில் குமட்டியது. எலுமிச்சம் பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு குடித்தான். அவள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். பதினாலு தடவை போனான். கடைசியில் இளமஞ்சள் தண்ணீர் மாதிரித் தெளிவாகப் போக வேண்டும் என்று தாளில் இருந்தது.

"எப்படிப் போகுது?"

"தண்ணியாத்தான் போகுது."

"உத்துப் பாத்தீங்களா?"

"நீ வேணா வந்து பாரு."

உள்ளே ஜீரோ வாட் பல்பு. அவள் வந்து பார்க்கவில்லை.

*

திங்கட்கிழமை அவனை உள்ளே அழைத்துப் போன இருபதாவது நிமிடம் நர்ஸ் வந்து அவளைக் கூப்பிட்டாள். ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு படம் நின்றிருந்தது. இளஞ்சிவப்புச் சுவர். அதன் மேல் பழுப்புப் புள்ளிகள். ஒன்றிரண்டு இல்லை. பூசி விட்டது போல.

"என்னம்மா இது? ஆளி விதையா?"

நாகஜோதி திரையருகே போய்ப் பார்த்தாள்.

"குழாய் ரெண்டு தடவை அடைச்சிருச்சு. பாதிக்கு மேல போக முடியலை. நிறுத்திட்டேன்."

"பாத்த வரைக்கும் நல்லா இருக்குங்களா மேடம்?"

"விதைக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. பார்த்ததா எழுத முடியாதும்மா. மறுபடி செய்யணும்."

மயக்கம் தெளிந்ததும் ஜெயபாண்டியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாக்டர் எதிரே உட்கார்ந்தார்.

"எத்தனை ஸ்பூன் சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுதான் மேடம்."

"ஜெயபாண்டி."

"மூணு. காலையில மூணு. சாயங்காலம் மூணு."

"எத்தனை நாள்?"

"அஞ்சு நாள். நேத்து மத்தியானம் வரைக்கும்."

நாகஜோதி அவனைப் பார்த்தாள். தயிர்ச்சோறு தின்ற நாலு நாளும் அவன் கம்பெனியிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து.

"கோடு போட்டுக் குடுத்தோமே" என்றார் டாக்டர். "அப்புறமும் ஏன்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கம்பெனிக்கு ஆடிட் வருவாங்க மேடம். துணி வாங்குற வெளிநாட்டு பையரோட ஆளுக. வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி தரையில மஞ்சக் கோடு புதுசா அடிப்போம். மருந்துப் பெட்டி ரொப்பி வப்போம். கத்தி வெட்டாம இருக்க எனக்கு ஒரு கம்பி கிளவுஸ் இருக்கு, அன்னைக்கு மட்டும் மாட்டுவேன். பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போவாங்க." வயிற்றைத் தொட்டுக் காட்டினான். "நீங்களும் உள்ள பாக்கத்தான வர்றீங்க. அதுக்குள்ள என்ன இருந்தாலும் சரி பண்ணிருவோம்னு எச்சா சாப்பிட்டேன்."

திருப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அதிகம் என்பதற்கு அந்த ஊரார் சொல்லும் எச்சு அவன் வாயில் ஒட்டியிருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. "நான் ஆடிட்டர் இல்லை. உங்களை ஃபெயில் பண்ண வரலை. உள்ள இருக்கிறது இருக்கிறபடி எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"சரிங்க மேடம்."

"ஆளி விதை கெட்டது இல்லை. நார்ச்சத்து நல்லதுதான், சாப்பாட்டோட சாப்பிடுங்க. ஆனா ஏற்கெனவே முளைச்ச கட்டியை அது எடுக்காது. நான்தான் எடுக்கணும். ஆஸ்பிரின் போடறீங்களா?"

"போடறேன் மேடம்" என்றான்.

நாகஜோதி வாயைத் திறந்தாள். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நர்ஸ் தேதிப் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தாள். அடுத்த திங்கள், அதே ஒன்பது மணி. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது டாக்டர் எழுந்துவிட்டார். புதிய தாளில் தன் எண்ணை எழுதியிருந்தார். "எதையாவது தின்னத் தோணுச்சுன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க."

பஸ்ஸில் அவனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை போடறேன்னு ஏன் சொன்னீங்க?"

"போடறதாத்தான் அவங்க நெனச்சுக்கிட்டு இருக்காங்க. எதுக்கு மாத்திச் சொல்லிக்கிட்டு."

"மொதலாளிகிட்ட வெதை வேணாம்னு சொன்னீங்களா?"

"அவரே கையால ஊட்டுறாரு. மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்றது?"

"எங்கிட்ட?"

"நீ கத்துவ."

அவள் கத்தவில்லை. டாக்டரிடம் ஒரு பேச்சு, முதலாளியிடம் ஒரு பேச்சு, அவளிடம் ஒரு பேச்சு. எல்லோருக்கும் பிடித்ததைச் சொல்லிவிட்டான். மூன்று பேரில் யாரிடமும் உள்ளதை முழுசாகச் சொல்லவில்லை.

புஷ்பா தியேட்டர் நிறுத்தம் தாண்டியதும் அவன் சொன்னான். "இனி அந்தத் தண்ணிய நான் குடிக்க மாட்டேன். ஒருக்கா குடிச்சதே போதும்."

*

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஆத்தப்பன் டப்பாவோடு வந்தார்.

"என்னாச்சுங்க மாஸ்டரு? போயிட்டு வந்தீங்களா?"

நாகஜோதியின் டேபிள் பத்தடி தள்ளி இருந்தது. கையில் ஒரு குழந்தைச் சட்டை, தோளில் ஆயில் கறை. கறையைப் பார்த்தபடி காதை அங்கே வைத்தாள்.

"போயிட்டு வந்தேங்க மொதலாளி. எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க. ஒரு கட்டிகூட இல்லையாம்."

ஆத்தப்பன் டேபிளைத் தட்டினார். அடுக்கியிருந்த துணி அதிர்ந்தது.

"நாஞ் சொன்னனுங்களா இல்லீங்களா! அம்மிணிகளா, கேட்டுக்குங்க. நம்ம மாஸ்டருக்குக் கொடலு கண்ணாடியாட்ட இருக்குதாமா!"

டீ வாங்கி வந்த பேப்பர் கப்புகளில் மீந்த காலிக் கப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் பொடி போட்டுச் செக்கிங் டேபிளுக்கு அனுப்பினார். பிறகு ஜெயபாண்டியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். அவருடைய தாழ்ந்த குரல் பத்தடிக்குக் கேட்கும்.

"உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னுங்க. எனக்கும் போன மாசம் ரத்தம் போச்சு. மூலமாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன். பையன் யுவன் கேக்க மாட்டீங்கறான். கோயமுத்தூர்ல கேமரா பாக்கறதுக்குத் தேதி வாங்கி வெச்சிருக்கறான். இப்ப எதுக்குங்க அது? நீங்கதான் சாம்பிளு, ஓகே ஆயிருச்சு. இனி பல்க் ஓட்ட வேண்டியதுதான்."

அவரே சிரித்தார். ஜெயபாண்டியும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு சாக்பீஸைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

நாகஜோதி காத்திருந்தாள். இப்போது சொல்வான் என்று நினைத்தாள். அவன் அளவு டேப்பை விரித்தான். சுருட்டினான். மறுபடி விரித்தான்.

சட்டையை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"மொதலாளி, அவருக்கு இன்னும் பாக்கலைங்க."

"என்ன அம்மிணி?"

"பாக்க முடியலைங்க. வெதை போயி குழாய்ல அடைச்சுக்கிருச்சு. பாதியில நிறுத்திட்டாங்க. கட்டி இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. அடுத்த திங்கக்கெழம திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

"ஏ, சும்மா இரு" என்றான் ஜெயபாண்டி.

"நீங்க சொல்லியிருந்தா நான் சும்மாதான் இருந்திருப்பேன்."

செக்கிங் டேபிளில் ஒருத்தி கப்பை வாயருகே வைத்தபடி இருந்தாள்.

"மாஸ்டரு?" என்றார் ஆத்தப்பன்.

"ஆமாங்க" என்றான்.

"ஏனுங்க எங்கிட்டப் பொய் சொன்னீங்க?"

"நீங்க சந்தோசப்படுவீங்கன்னுதாங்க."

ஆத்தப்பன் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு முறை அழுத்தினார். "நான் கெட்டதுக்குங்களா குடுத்தேன்?"

"இல்லீங்க மொதலாளி. சாப்பாட்டுக்கு நல்லதுதான்னு டாக்டரே சொன்னாங்க. ஆனா முளைச்ச கட்டிய அது எடுக்காதாம். வியாழக்கெழமையிலருந்து அவருக்குக் குடுக்காதீங்க. அதுதான் கேக்குறேன்."

"ஒரு ஸ்பூனு?"

"வேணாங்க."

"அரை ஸ்பூனு போட்டுக்கலாமுங்க. ஒரே அடியா நிறுத்துனா ஒடம்பு ஏத்துக்கோணுமல்ல?"

"வேணாங்க மொதலாளி."

பையரிடம் ரேட் பேசும்போது அவர் இப்படித்தான் இறங்குவார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப மஞ்சப்பொடி? அதுல வெதை இல்லீங்களே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நாகஜோதிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"அதுவும் வேணாங்க. கோயமுத்தூர்த் தேதிய நீங்களும் விட்டுறாதீங்க. ரத்தம் போயிருக்குன்னு சொல்றீங்க."

"அது ஷிப்மென்ட் போவட்டுமுங்க அம்மிணி. பாக்கலாம்."

டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேபினுக்குள் போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

ஜெயபாண்டி அவளைப் பார்க்கவில்லை. "என் மானத்த வாங்கிட்ட."

"ஆமா."

"திங்கக்கெழம நான் வரலை. அந்தத் தண்ணியும் குடிக்கலை. சொல்லிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லாதீங்க. தேதி குடுத்தவங்ககிட்டச் சொல்லுங்க."

கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். எண்ணைப் பார்த்து அவன் போனில் அவளே அழுத்தினாள். அது அடிக்க ஆரம்பித்ததும் அவன் கையில் வைத்தாள்.

"ஏ, என்ன பண்ற?"

"மாத்திரை எரிஞ்சதையும் சொல்லுங்க. வர மாட்டேங்கறதையும் சொல்லுங்க. ரெண்டையும் உங்க வாயாலயே சொல்லுங்க."

வைத்துவிட நினைத்தான். அதற்குள் மறுபக்கம் எடுத்துவிட்டார்கள். அவன் நிமிர்ந்து நின்றான்.

"வணக்கம் மேடம். நான் ஜெயபாண்டி... நல்லா இருக்கேன் மேடம். நீங்க நல்லா இருக்கீங்களா?"

நாகஜோதி நகரவில்லை.

"ஒண்ணுமில்லை மேடம். அந்த ஆஸ்பிரின்... கொஞ்சம் வயிறு எரியுது... கொஞ்சம் இல்லை. நல்லாவே எரிஞ்சது... இல்லை மேடம், இப்ப எரியலை. இப்பப் போடறதில்லை."

மறுமுனையில் குரல் உயர்ந்தது. அது அவளுக்கே கேட்டது. எப்போதிருந்து?

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க மேடம்."

ஏன் சொல்லலை?

"நீங்க கேக்கலையே மேடம்."

நேத்துக் கேட்டேனே!

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு டாக்டர் நிறைய நேரம் பேசினார். குரல் இறங்கிவிட்டதால் அவளுக்குக் கேட்கவில்லை. அவன் போனுக்குத் தலையாட்டினான். சரிங்க மேடம், சரிங்க மேடம் என்றான். பிறகு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். அவன் நாகஜோதியைப் பார்த்தான். கேபின் கதவைப் பார்த்தான்.

"திங்கக்கெழமையா மேடம்?"

அவளைத் தவிர யாரிடமும் அவனால் நேராக மாட்டேன் என்று சொல்ல முடியாது. அது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேலாக அதனால் வந்த வினைதான் எல்லாம்.

"வந்துர்றேன் மேடம்" என்றான் ஜெயபாண்டி.

போனை வைத்தான். சட்டைப் பைக்குள் போட்டான்.

"என்ன சொன்னாங்க?"

"எரிஞ்சா அதைப் போடவே கூடாதாம். புண்ணு ஆயிருமாம். அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தச் சொல்லியிருப்பாங்களாம். அது இல்லாட்டியும் பரவால்லையாம். கேமரா பாக்கறத மட்டும் தவற விடக் கூடாதாம்."

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

ஒரு போனுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வர்றேன்னு சொல்லியாச்சுல்ல" என்றான் அவன். குரலில் இன்னும் கோபம் இருந்தது. "இப்பப் போதுமா ஒனக்கு?"

"போதாது. ரெண்டு லிட்டர் குடிக்கணும்."